இந்த வாரம் அப்பா வீடு

திங்கட்கிழமைக் காலையில்தான் என் அறைக்கு அதிகம் பேர் வருவார்கள். வட இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். 11 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள். பதின்பருவம் என்றதும் போதைப்பொருள், கத்தி, ஆன்லைன் ஆபத்து என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் திங்கட்கிழமை முகம் வீங்கி வந்து உட்காரும் பிள்ளைகளில் பலருடைய பிரச்சினை அதைவிடச் சாதாரணமானது. சனிக்கிழமை தோழிகள் எல்லோரும் சேர்ந்து எங்கோ போயிருக்கிறார்கள், இவள் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "இந்த வாரம் அப்பா வீடு, மிஸ்" என்பாள்.

இங்கே பெற்றோர் பிரிந்தால் பிள்ளை ஒருவரோடு வசித்துக்கொண்டு, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை மற்றவரிடம் போய்வருவது பரவலான ஏற்பாடு. நடுவில் ஒருநாள் மாலைச் சாப்பாடு, கோடை விடுமுறையில் பாதி. பெரும்பாலும் பெற்றோரே பேசி முடிவுசெய்துகொள்வார்கள்; முடியாதபோதுதான் குடும்ப நீதிமன்றம். பிள்ளைக்கு ஐந்து வயதாக இருக்கும்போது இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடும். பூங்கா, பீட்சா, ஒரு கார்ட்டூன் படம், அவ்வளவு போதும். சிக்கல் என்னவென்றால், பிள்ளைக்குப் பதிமூன்று வயதான பிறகும் அதே அட்டவணை மாறாமல் இருக்கும்.

பதிமூன்று வயதில் சனிக்கிழமைக்கு என்ன மதிப்பு என்பது பெரியவர்களுக்குச் சட்டென்று புரிவதில்லை. பதினொரு வயதில் பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்து ஒரே பள்ளியில் சேர்கிறார்கள். பழைய நட்புகள் கலைந்து புதிதாகக் கூட்டம் சேர இரண்டு மூன்று வருடம் ஆகும். பகலில் பழக நேரம் குறைவு. வகுப்பு, அவசரமாக ஒரு மதிய உணவு, மூன்றேகால் மணிக்கு மணி அடித்துவிடும். பள்ளி நேரத்தில் போன் கூடாது என்று 2024 பிப்ரவரியில் கல்வித் துறை வழிகாட்டுதலே வந்தது. பல பள்ளிகளில் அதற்கு முன்பே அந்த விதி உண்டு. ஆக, நட்பு வளர்வது வீட்டுக்கு நடந்து போகும் வழியிலும், ராத்திரி குரூப் சாட்டிலும், சனிக்கிழமை டவுனில் ஒரு பொட்டலம் சிப்ஸை ஐந்து பேர் பிடுங்கித் தின்பதிலும்தான். திங்கட்கிழமை சிரிக்கும் ஜோக்கெல்லாம் சனிக்கிழமை பிறந்தவை. இரண்டில் ஒரு சனிக்கிழமை இல்லாத பெண்ணுக்குப் பாதி ஜோக் புரியாது. யாரும் அவளை ஒதுக்கவில்லை, யார் மீதும் புகார் கொடுக்கவும் முடியாது. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டம்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அப்பாவின் ஃபிளாட் ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அங்கே அவருடைய புதுக் குடும்பம், கைக்குழந்தை; துணி காயப்போடும் சின்ன அறையில் இவளுக்கு மடக்குக் கட்டில். ஞாயிறு மதியம் அப்பா கோழி ரோஸ்ட் செய்து பரிமாறிக்கொண்டிருக்கிறார். இவள் மேஜைக்குக் கீழே ஸ்னாப்சாட்டின் வரைபடத்தைத் திறந்து பார்க்கிறாள். நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் குட்டிப் பொம்மைகளாக அது காட்டும். ஒரே வீட்டின் மேல் ஐந்து பொம்மைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ராத்திரி அங்கேயே தங்கியிருக்கிறார்கள். "மாசத்துல நாலு நாள்தான் உன்னைப் பார்க்கிறேன், அதிலயும் போனா?" என்கிறார் அப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'அங்கே போக ஆசையாக இருக்கிறது' என்று சொன்னால் அவர் மனது நோகும் என்று இவளுக்குத் தெரியும். தலைவலி என்கிறாள்.

அடுத்த முறை, "நான் போகலை." அம்மா காதில் அது எப்படி விழுகிறது? அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அப்பா காதில்? இவள் அம்மா தூண்டிவிடுகிறாள். இரண்டு பக்கமும் வக்கீலைத் தேடத் தொடங்குகிறார்கள். சனிக்கிழமை என்ன விசேஷம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பயத்தினால் போக மறுக்கும் பிள்ளைகளும் உண்டு. நண்பர்களுக்காக மறுக்கும் பிள்ளை எங்கே போக வேண்டும் என்று சொல்லும். பயந்த பிள்ளைக்கு எங்கே போனாலும் சரி, அங்கே போகாமல் இருந்தால் போதும். இதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் வந்தால் பள்ளியில் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் உடனே பேசுங்கள். பிள்ளையே பேச விரும்பினால் சைல்டுலைன் என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இருக்கிறது: 0800 1111, கட்டணம் கிடையாது.

பையன்கள் விஷயம் வேறு மாதிரி. அழ மாட்டார்கள். ஞாயிறு காலை கால்பந்து அணியில் இருப்பவன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வராவிட்டால் கோச் அவனை வெளியே உட்காரவைப்பார். கொஞ்ச நாளில் "ஃபுட்பால் போரடிக்குது" என்பான்.

சமாளித்துக் காட்டும் அப்பாக்களையும் பார்க்கிறேன். ஒருவர் தன் முறை வாரத்தில் மகளைச் சனிக்கிழமை தோழி வீட்டுக்கு அவரே காரில் கொண்டுபோய் விடுகிறார், மறுநாள் போய் அழைத்து வருகிறார். போக வர நாலு மணி நேரம். அந்தக் காரில்தான் மகள் வாயே திறக்கிறாள் என்கிறார்! முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதுக்குச் சுலபம். இன்னொருவர் தோழியையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்கிறார். சார்ஜர், பல் துலக்கும் பிரஷ், உடற்பயிற்சி வகுப்பு உடுப்பு எல்லாம் இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று இருந்தால், பாதிச் சண்டை குறையும்.

தன் முறை நாட்களை மாற்றிக்கொடுத்தால் உரிமை போய்விடும் என்ற பயம்தான் பலரைப் பிடித்து வைக்கிறது. நீதிமன்றமே அப்படிப் பார்ப்பதில்லை. 1989-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் நீதிபதி கவனிக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் முதலாவதே, வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்றபடி பிள்ளையின் விருப்பமும் உணர்வும்தான். குடும்ப நீதிமன்ற வழக்குகளில் பிள்ளையின் நலனைக் கவனிக்கும் காஃப்காஸ் அமைப்பின் அலுவலர் வந்து பிள்ளையிடமே பேசுவார். அதுவரை போவானேன்? சாப்பாட்டு மேஜையிலேயே கேட்கலாம். ஆனால் "என்கிட்ட இருக்கப் பிடிக்குதா, அங்கயா?" என்று கேட்காதீர்கள். "இந்த மாசம் சனிக்கிழமைகள்ல உனக்கு என்ன இருக்கு?" என்று கேளுங்கள்.

இங்கே பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் மகளின் பிறந்தநாளுக்கு நெருங்கிய தோழி வராமல் போனால், "இவங்க பழக்கமே இப்படித்தான்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தேதியை ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். முடிந்தால் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளைச் சொல்லி எது சரிவரும் என்று கேளுங்கள். அம்மாவின் எண்ணுக்கு மட்டும் அனுப்பினால் செய்தி அங்கேயே நின்றுபோவதும் உண்டு. அப்பாவின் எண்ணையும் கேட்டு வாங்கி இருவருக்கும் அனுப்புங்கள். அந்த வாரம் யார் முறையோ அவர் கொண்டுவந்து விடுவார்.