பைண்ட் – பிணைத்தல்

'பைண்டிங்' என்றால் நம்மூரில் நோட்டுப் புத்தகத்தைத் தைத்து அட்டை போடுவது. ஐபிஎம்மின் டிபி2 தரவுத்தளத்தோடு பழகியவர்களுக்கோ 'பைண்ட்' என்பது, கோபால் (COBOL) போன்ற கணினி மொழியில் எழுதிய நிரலுக்குள் பொதிந்துள்ள எஸ்கியூஎல் (தரவுத்தளத்தோடு பேசும் மொழி) வினவல்களை, அவை தொடும் அட்டவணைகளோடு முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கும் வேலை.

பழைய ஆங்கிலத்தின் 'பிண்டன்' (கட்டுதல்) என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. வடமொழியின் 'பந்த்' என்ற வேருக்கும் இதற்கும் மூலம் ஒன்றே என்பதால், பந்தம், சம்பந்தம் ஆகியவை இதற்குத் தூரத்து உறவுகள்.

முன்தொகுப்பி என்னும் கருவி, நிரலிலிருந்து வினவல்களைத் தனியே பிரித்தெடுத்து, இரண்டு பகுதிகளிலும் ஒரே முத்திரையைப் பதிக்கிறது. ஒரு பகுதி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குப் போகிறது. மற்றதை பைண்ட் எடுத்துக்கொண்டு, அட்டவணைகளின் அமைப்பைப் பார்த்து, எந்த இன்டெக்ஸ் (தரவை விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல்) வழியாகப் போவது என்று முடிவு செய்து, ஓடத் தயாரான 'பேக்கேஜ்' ஆக்குகிறது. முத்திரைகள் பொருந்தாவிட்டால் ஓடும்போது -818 என்ற பிழை எழும். 1970களில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் உருவான 'சிஸ்டம் ஆர்' திட்டத்திலேயே இந்தக் கருத்து இருந்தது. ஓர் இன்டெக்ஸ் நீக்கப்பட்டால் அதை நம்பியிருந்த வினவல் செல்லாததாகக் குறிக்கப்பட்டு, அடுத்த முறை ஓடும்போது தானாகவே மீண்டும் தொகுக்கப்பட்டது.

நீக்கினால் உடனே தெரிந்துவிடுகிறது, சேர்ப்பதில்தான் சிக்கல். பத்திகளின் (அட்டவணையின் நெடுவரிசைகளின்) பெயர்களைக் குறிப்பிடாமல் எழுதிய, புதிய தரவைச் சேர்க்கும் ஒரு 'இன்செர்ட்' வினவல், பைண்ட் செய்த நாளில் அட்டவணையில் இருந்த பத்திகளையே தன் பட்டியலாகக் கொள்வதால், பிறகு புதிய பத்தி ஒன்றைச் சேர்த்தாலும் நிரல் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து, வேறு ஏதோ காரணத்துக்காக யாரோ ரீபைண்ட் (மறுபடியும் பைண்ட்) செய்யும்போது, மதிப்புகளின் எண்ணிக்கை பத்திகளின் எண்ணிக்கையோடு பொருந்தவில்லை என்று -117 என்ற பிழை வந்து நிற்கும். பழி அன்று ரீபைண்ட் செய்தவர் தலையில் விழும் (நிரலை எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்). பத்தியின் நீளத்தைக் கூட்டினால் ரீபைண்ட் மட்டும் போதாது. நிரலுக்குள் இருக்கும் மாறி பழைய அளவிலேயே இருப்பதால் எழுத்துகள் வெட்டுப்படும். நிரலைத் திருத்தி மீண்டும் கம்பைல் செய்தே ஆக வேண்டும்.

இதற்குத் தமிழில் 'கட்டுதல்' என்று சொல்லலாம்தான். ஆனால் கட்டுதலில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று அதில் கட்டப்படுகிறது. 'பிணைத்தல்' அப்படியன்று: சூடடிக்கக் களத்தில் சேர்த்துக் கட்டும் மாடுகளுக்குப் 'பிணையல்' என்று பெயர்; இரண்டுமே நகர்பவை, ஒன்று தடம் மாறினால் மற்றதை இழுக்கும். அட்டவணைக்கும் நிரலுக்கும் உள்ள உறவு இதுவே என்பதால், பைண்டுக்குப் பிணைத்தல் என்றும் ரீபைண்டுக்கு மறுபிணைத்தல் என்றும் சொல்வதே பொருந்தும்.

'பிணை' என்பதற்கு ஜாமீன் என்ற பொருளும் உண்டு. அதுவும் இங்கே வீணாகவில்லை: அட்டவணையைத் தொடும் உரிமை பேக்கேஜின் உரிமையாளருக்கு இருக்கிறதா என்றே பைண்ட் பார்க்கிறது, நிரலை ஓட்டுபவருக்கு பேக்கேஜை இயக்கும் அனுமதி மட்டும் போதும். உரிமையாளரிடமிருந்து அந்த உரிமை பறிக்கப்பட்டால் பேக்கேஜும் செல்லாமல் போகும்.