மாத்திரை கட்டியைக் கரைக்காது ஆச்சி

காரைக்குடியில கிளினிக் வச்சிருக்கேன். போன வருஷம் தேவகோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி வந்தாங்க, 46 வயசு, இடது கால் மட்டும் தொடை வரைக்கும் வீங்கி, தொட்டா சூடு. சுளுக்குன்னு நினைச்சு வீட்டுல எண்ணெய் போட்டு நல்லா உருவி விட்டிருக்காங்க (கேட்டதும் எனக்குத்தான் நெஞ்சு அடைச்சுது, உள்ள ரத்தக்கட்டி இருந்து, அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருந்தா?). விசாரிச்சா, அண்ணனோட சாந்திக் கல்யாணத்துக்காக (அறுபதாம் கல்யாணம்) மாதவிலக்கு நாளைத் தள்ளிப்போட மெடிக்கல்ல கேட்டு வாங்கின மாத்திரை, அது மேல சென்னையில இருந்து கார்ல எங்கயும் இறங்காம ஒரே உட்காரலா வந்திருக்காங்க, வழியில பாத்ரூம் போக வேணாம்னு தண்ணியும் குடிக்கல. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பாத்தா தொடையில ஆழமா ஓடுற ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சிட்டு நிக்குது.

ப்ளட் தின்னர், அதாவது ரத்தம் உறையாம தடுக்குற மாத்திரை, ஆரம்பிச்சோம். மூணு வாரம் கழிச்சு வந்து, "வீக்கம் வத்திருச்சு டாக்டர், கட்டி கரைஞ்சிருக்கும்னு நானே மாத்திரையை நிறுத்திட்டேன்"ங்கிறாங்க. இந்த வசனத்தை நான் மாசம் ஒரு தடவையாவது கேக்குறேன், அதனாலதான் இதை எழுதுறேன்.

அந்த மாத்திரை கட்டியைக் கரைக்காதுங்க. புதுசா உறையாம, இருக்குற கட்டி பெருசாகாம காவல் நிக்கும், அவ்வளவுதான். கரைக்கிறது உங்க உடம்பு. ரத்தத்துல பிளாஸ்மினோஜன்னு ஒண்ணு தூங்கிட்டே சுத்திட்டு இருக்கும், கல்லீரல் செஞ்சு அனுப்புறது. ரத்தக்குழாய் சுவர்ல இருக்குற செல்கள் டிபிஏன்னு ஒண்ணை விடும், அது போய் தட்டி எழுப்பினா பிளாஸ்மினோஜன் பிளாஸ்மினா மாறி, கட்டியைப் பின்னிப் பிடிச்சிருக்குற ஃபைப்ரின்ங்கிற நாரை வெட்டும். ஆனா டிபிஏ ரத்தத்துல அஞ்சு நிமிஷம் தாண்டுறதே கஷ்டம், பிளாஸ்மின் சுவர்லயோ கட்டியிலயோ ஒட்டாம தனியா மிதந்தா அடுத்த நொடியே அதைப் பிடிச்சு அமுக்க வேற ஆளு இருக்கு. அப்ப ரெண்டும் எங்கதான் சந்திக்கும்?

கட்டியோட நார் மேலயே சந்திக்கும். இன்னொரு இடம் குழாயோட உள்சுவர். அங்க செல்லுக்கு வெளிப்பக்கமா அன்னெக்சின் ஏ2ன்னு ஒரு புரதம், பி11ன்னு ஒரு ஜோடியோட உக்காந்திருக்கு. பொண்ணு வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் தெருத்தெருவா தேட விடாம ஒரே திண்ணையில உக்கார வச்சுப் பேசி முடிக்கிறாங்கல்ல, அந்தத் திண்ணை இதுதான். இது இருந்தா பிளாஸ்மின் உருவாகுற திறன் கிட்டத்தட்ட 60 மடங்கு கூடுதுன்னு ஆய்வகத்துல பாத்திருக்காங்க. இந்தப் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கி 2004ல வெளியிட்ட ஆய்வுல, அதுங்களோட சின்னக் குழாய்கள்ல நார் தேங்கிக் கிடந்துச்சு.

திண்ணை ரொம்பப் பெருசானாலும் ஆபத்துதான். ஏபிஎல்னு ஒரு வகை ரத்தப் புற்றுநோய்ல கெட்ட செல்கள் மேல இந்தப் புரதம் மண்டிக்கிடக்கும், கரைக்கிற வேலை தறிகெட்டு ஓடி ஈறு, மூக்கு, சமயத்துல மூளையிலயே ரத்தம் கசியும், 1999ல இந்தத் தொடர்பைக் கண்டுபிடிச்சாங்க. வைட்டமின் ஏ வழியா வந்த ஒரு மருந்து குடுத்தா அந்தப் புரதமும் குறையுது, கசிவும் நிக்குது. அதனால பல் தேய்க்கும்போது ரத்தம் நிக்காம வந்து, உடம்புல நீலம் நீலமா தடமும் இருந்தா பேஸ்ட்டை மாத்திட்டு இருக்காதீங்க, அன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க.

இன்னொண்ணு, சுத்த சைவமா இருக்குறவங்களுக்கு. பி12 குறைஞ்சா ரத்தத்துல ஹோமோசிஸ்டீன்னு ஒரு அமினோ அமிலம் ஏறும், அது அன்னெக்சின்ல டிபிஏ உக்கார்ற எடத்தையே போய் அடைச்சுக்குது. அதுக்காக பி12 ஊசி போட்டா கட்டி வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஹோமோசிஸ்டீனைக் குறைச்சுப் பாத்த சோதனைகள்ல கட்டி திரும்ப வர்றது குறையல. பி12 குறைவா இருந்தா நரம்புக்காகவும் ரத்தத்துக்காகவும் அதைச் சரி பண்ணிக்கணும், அது தனி விஷயம்.

ஆச்சிக்கு இதுல பாதியாவது சொல்லி மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சேன். சுவர் தன் வேலையை மெதுவாத்தான் பாக்கும், அதுக்குள்ள புதுக்கட்டி சேர்ந்தா அதோட பாடு வீணு, அதான் குறைஞ்சது மூணு மாசம்ங்கிறோம். "அப்ப நான்தான் கரைக்கிறேனா?"ன்னாங்க. ஆமான்னேன். நாள் தள்ளிப்போடுற மாத்திரையை இனி தொடவே கூடாது, ஒரு கால் மட்டும் வீங்கினா உருவக் கூடாது, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா ராத்திரின்னு பாக்காம கிளம்பணும்னு எழுதியே குடுத்தேன்.

போன வாரம் வந்தாங்க, கால் நல்லாருக்கு. வந்தது மகளுக்காக, பிரசவமாகி ஒன்பது நாள், வயிறு போடும்னு பெரியவங்க தண்ணியை அளந்து குடுக்குறாங்களாம். பிள்ளை பெத்தவங்களுக்கு ரத்தம் ஏற்கெனவே சீக்கிரம் உறையுற நிலைமையில இருக்கும், தண்ணியையும் குறைச்சா மூளைக் குழாய்லயே கட்டி வந்து தலைவலி, வாந்தி, வலிப்புன்னு தூக்கிட்டு வர்ற கேஸ் நம்ம பக்கம் புதுசில்ல. தலைவலி இருக்கான்னு கேட்டேன், இல்லைன்னாங்க. எவ்வளவு தண்ணி குடுக்கலாம்னாங்க. அவ கேக்குற அளவு குடுங்கன்னேன்.