தையல் மூலைக்கு முதலில் வேண்டியது வெளிச்சம்

கழுத்துவலிக்காக என்னிடம் வந்த ஒரு பெண்மணிக்கு மூன்று மாதங்கள் பயிற்சிகள் கற்றுக்கொடுத்தும், வலி ஒரு வாரம் தணிவதும் மறுவாரம் திரும்புவதுமாகவே இருந்தது. அவர் நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் எம்பிராய்டரி போடுபவர் என்பது எனக்குத் தெரியும். எங்கே, எப்படி அமர்ந்து போடுகிறார் என்பதை மட்டும் நான் கேட்காமல் விட்டிருந்தேன். வேலை தொடங்கி இருபது நிமிடம் ஆனபின் யாரையாவது பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லும்படி பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் கொண்டுவந்த படத்தில் அறையின் ஒரே விளக்கு அவருடைய முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. அவருடைய தலையின் நிழல் துணியின்மேல் விழ, அந்த நிழலுக்குள் தையலைத் தேடி அவர் முகவாய் நெஞ்சைத் தொடும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

இயன்முறை சிகிச்சையாளராக நான் கண்டவரையில், ஊசியும் நூலுமாக இருப்பவர்களின் கழுத்துவலி பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்குகிறது. சரியாகத் தெரியாததால் குனிகிறோம்; குனிவதால் வலிக்கிறது. வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ எடை கொண்டது. நிமிர்ந்திருக்கும்போது அந்த எடை முதுகெலும்பின்மேல் நேராக இறங்குகிறது; தலை முன்னால் சாயச் சாய, அது விழாதபடி இழுத்துப் பிடிக்கும் வேலை பிடரித் தசைகளின்மேல் ஏறுகிறது. அந்த நிலையில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் பத்து நிமிடம் பயிற்சி செய்தால் மட்டும் கணக்குத் தீர்ந்துவிடாது. ஆகவே வீட்டில் தையலுக்கென ஒரு மூலை அமைக்க நினைப்பவர்கள், நாற்காலி வாங்கும் முன் விளக்கைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூரையில் இருக்கும் பல்பை இன்னும் பெரிதாக மாற்றுவதைவிட, துணிக்கு அருகில் ஒரு சிறிய மேசை விளக்கை வைப்பது அதிகப் பயன் தரும். சிறிய விளக்கு ஒன்றின் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் துணியில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. வலது கையால் தைப்பவர்களுக்கு விளக்கு இடப்பக்கத்திலும், இடது கையால் தைப்பவர்களுக்கு வலப்பக்கத்திலும் இருந்தால், ஊசி பிடித்த கையின் நிழல் தையலை மறைக்காது. விளக்கு மூடியின் கீழ்விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்; பல்பு நேராகக் கண்ணில் பட்டால் எவ்வளவு வெளிச்சம் இருந்தும் கண் கூசும். அறை விளக்கையும் அணைக்காதீர்கள். வெளிச்சமான துணியிலிருந்து இருண்ட அறைக்கும், மீண்டும் துணிக்கும் கண் மாறிக்கொண்டே இருப்பது வீண் களைப்பு. நூலின் நிறங்களைப் பிரித்தறிய, நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் உள்ள பல்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கறுப்புத் துணியில் தைக்கும்போது மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டால், இழைகளுக்கு இடையிலுள்ள துளைகள் பளிச்சென்று தெரியும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர்தான்.

வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே சென்று சேர்கிறது. எனவே தாயும் மகளும் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்தாலும் இருவருக்கும் கிடைக்கும் வெளிச்சம் ஒன்றல்ல. "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது" என்று மகள் சொல்வதை வைத்துத் தாயின் விளக்கை முடிவு செய்யாதீர்கள்.

கண்ணாடியும் இதே கதைதான். படிப்பதற்கான கண்ணாடி பொதுவாக 40 செ.மீ. தூரத்தை மனத்தில் கொண்டு எழுதித் தரப்படுகிறது. நுண்ணிய தையலோ அதைவிடக் கிட்டத்திலும் இருக்கலாம், சட்டத்தில் பொருத்தினால் அதைவிட எட்டவும் இருக்கலாம். கிட்டப் பார்வைக்கான பகுதி அடியில் அமைந்த பைஃபோகல் அல்லது ப்ரோகிரசிவ் கண்ணாடி அணிபவர்கள், உயர்த்தி வைத்த வேலையைப் பார்ப்பதற்கு முகவாயைத் தூக்க வேண்டியிருப்பதால், குனிவதிலிருந்து தப்பித்தும் கழுத்தை நோகச் செய்துகொள்கிறார்கள். நீங்கள் வசதியாக அமர்ந்த நிலையில் கண்ணுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போய்க் கண் பரிசோதகரிடம் கொடுங்கள். அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி செய்து தருவார்கள்.

இனி நாற்காலி. பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். படியாவிட்டால் காலடியில் ஒரு பலகை போடுங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளியும், இடுப்பின் வளைவுக்குச் சிறிய தலையணையும் இருந்தால் போதும், விலையுயர்ந்த நாற்காலி அவசியமில்லை. கட்டிலில் காலை மடக்கி அமர்வது முதல் பத்து நிமிடத்துக்கு இதமாக இருக்கும். அதன்பின் முதுகு தானாகவே கூன் போடும். குரோஷேயும் பின்னலும் செய்பவர்கள் இரு முழங்கைகளுக்கும் கீழே தலையணை வைத்துக்கொண்டால் தோள்கள் காதை நோக்கி ஏறாமல் இறங்கியே இருக்கும். பெரிய போர்வை பின்னும்போது முடிந்த பகுதியை மடியிலோ மேசையிலோ கிடத்திவிடுங்கள். அதன் எடையை மணிக்கட்டு சுமக்கத் தேவையில்லை.

எம்பிராய்டரி வளையத்தைத் தாங்க ஒரு ஸ்டாண்டு வாங்குவதை மட்டும் நான் எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன். மணிக்கணக்கில் வளையத்தை இறுகப் பிடித்திருக்கும் கைதான், தைக்கும் கையைவிட முதலில் நோகிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்டாண்டு வந்தால் அந்தக் கை விடுபடுவதோடு, வேலையும் மடியிலிருந்து நெஞ்சுக்குச் சற்றுக் கீழ்வரை உயர்ந்து, சாய்வாக முகத்தை நோக்கித் திரும்புகிறது. தையல் இயந்திரத்துக்கு விதி எளிது: ஊசி உங்கள் மூக்குக்கு நேராகவும், பெடல் அதே நேர்க்கோட்டில் காலுக்கு எட்டும் இடத்திலும் இருக்கட்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் உடல் அசையாமல் இருப்பதை விரும்புவதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீட்டருக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது விநாடி பாருங்கள்; நன்றாக இமையுங்கள், உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடுகிறது. கத்தரிக்கோலை வேண்டுமென்றே எழுந்துதான் எடுக்க வேண்டிய இடத்தில் வைப்பவர்கள் என்னிடம் குறைவாகவே வருகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உருப்பெருக்கி விளக்கு வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் வில்லையை மூடிவையுங்கள். ஜன்னல் வழியே வரும் வெயிலை அது குவித்துத் துணியில் தீ மூட்டிவிடக்கூடும். ஊசிகளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணுங்கள். ஊசி பிடிக்கக் காந்தம் பயன்படுத்துபவர்களில் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதை மார்பிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியே வைக்க வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ளும் காந்த ஊசிதாங்கி அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

மூலையைத் திருத்தியும் தீராத வலிகள் இருக்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போய் இரவில் உறக்கம் கலைந்து கையை உதற நேர்ந்தால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறது என்று ஐயுற வேண்டும். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலியெடுத்து, ஒரு குவளையைத் தூக்கவும் முடியாமல் போவது வேறொன்று. 1895-இல் அதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயரால் மருத்துவர்கள் அதை டி குவெர்வெய்ன் என்று அழைக்கிறார்கள். இரண்டுமே தொடக்கத்தில் மணிக்கட்டுப் பட்டையாலும் சில வார ஓய்வாலும் தணியக்கூடியவை. கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு மருத்துவரிடம் போகலாம் என்று தள்ளிப்போட்டு, கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்த பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரால் பின்னர் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.