விருந்தாளி வந்தால் மட்டும்தான் கேஸ் அடுப்பா?

மறுபடியும் ஓர் அம்மா. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தண்ணீர்க் குடத்தோடு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. வருடக்கணக்கில் இருமல் டானிக், ஊசி என்றே ஓட்டியிருக்கிறார்கள். ஊதச் சொல்லிப் பார்த்தால் சி.ஓ.பி.டி., அதாவது நுரையீரல் அடைப்பு நோய். "எங்கம்மா பீடி, சிகரெட் தொட்டதே இல்லையே டாக்டர்" என்கிறார் மகன். தொடவில்லைதான். கல்யாணமான நாள் முதல் ஊதாங்குழலும் சீமைக்கருவேலங்கட்டையுமாக அடுப்படியிலேயே இருந்திருக்கிறார்.

"விறகுப் புகைதானே, இயற்கையானது, கிருமியைக்கூடக் கொல்லும்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. புகையிலையும் மண்ணில் முளைக்கிற செடிதான். அது எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், நுண்துகள் எல்லாம் விறகு எரியும்போதும் வருகின்றன. வேப்பங்கட்டை என்றாலும், வறட்டி, தென்னை மட்டை என்றாலும் அப்படித்தான். கண் எரியவில்லை, பழகிவிட்டது என்பார்கள். கண் பழகலாம், நுரையீரல் பழகாது. வீட்டுச் சமையல் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அதில் அடக்கம்.

இத்தனைக்கும் பல வீடுகளில் கேஸ் இணைப்பு இருக்கிறது. 2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு கொடுத்த அடுப்பு, 2016இல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வாலா திட்ட இணைப்பு என்று ஏதோ ஒன்று. ஆனால் அது டீ போடவும் விருந்தாளிக்கும்தான். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். அந்தக் கவலை நியாயமானது, தினக்கூலி வீட்டில் ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் புரட்டுவது கஷ்டம். ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். விறகு பொறுக்கப் போகிற நேரம், இளைப்பால் களை எடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போக முடியாத நாட்கள், மருந்து, பஸ் செலவு, கூட வருகிறவரின் கூலி. இதையெல்லாம் சேர்த்தால் ஓசி விறகு ஓசி இல்லை. மகன்களே, கணவர்களே, கைபேசிக்கு ரீசார்ஜ் செய்கிற மாதிரி சிலிண்டருக்கும் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மொத்தமாக முடியாதவர்கள் 5 கிலோ சிலிண்டர் கேளுங்கள். தமிழ்நாட்டில் மின்கட்டணத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், இண்டக்ஷன் அடுப்பையும் யோசிக்கலாம்.

சோறு, குழம்பு இரண்டையுமாவது கேஸுக்கு மாற்றுங்கள். விறகை விடவே முடியாது என்றால் குளிக்க வெந்நீர் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் திறந்த வெளியில். ஈர விறகு வேண்டாம். பிளாஸ்டிக் கவர் போட்டுப் பற்றவைக்கவே வேண்டாம். இடுப்பில் பிள்ளையோடு அடுப்பு முன்னால் உட்காராதீர்கள் தாயே, அதன் நெஞ்சு இன்னும் சின்னது. புகைபோக்கி வைத்த அடுப்பு என்றால் கரியைச் சுத்தம் செய்தால்தான் பயன், அடைத்துக்கொண்டால் புகை திரும்ப வீட்டுக்குள்ளேயே வரும்.

இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகைப்பழக்கம் 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள், எந்த அடுப்பு, எத்தனை வருடம் என்று கேளுங்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடவும் வேண்டாம், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை எழுதுங்கள்.

இழந்த நுரையீரல் திறன் முழுதாகத் திரும்பாது. ஆனால் புகையை நிறுத்தினால் மேற்கொண்டு குறைவது மெதுவாகும். அப்புறம், இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கொடுத்த அளவில், கொடுத்த நாள்வரை இழுங்கள்.