சீலிங்குக்கு மேல உமி கொட்டுறதுக்கு முன்னால ஒரு வயர்மேனைக் கூப்பிடுங்க

எத்தன தடவ சொல்றதுன்னே தெரியல. வெயில் ஏறுச்சுன்னா போதும், மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்குற நம்ம பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஆளாளுக்கு சீலிங்குக்கு மேல எதையாவது கொட்ட ஆரம்பிச்சிடுறாங்க. செகிஞ்சான், தஞ்சோங் காராங் மில்லுலேர்ந்து மூட்டை மூட்டையா உமி, பலகைக் கடை மரத்தூள், மீன் ஐஸ் பெட்டிய நொறுக்கின போலிஸ்டிரீன், கிழிச்ச பழைய பேப்பர். போன வாரம் மறுபடியும் ஒரு வீட்டுல சீலிங்குக்கு மேல கருகிப்போச்சு, அதனாலதான் உக்காந்து இத எழுதுறேன்.

சூடு தாங்க முடியலன்னு எனக்கும் தெரியும். தோட்டத்த விட்டு வெளியானவங்களுக்குக் கிடைச்ச மலிவு வீட்டுல சீலிங்கு மெல்லிசு, பின்னால இழுத்துக் கட்டின குசினிக்கு சிங்கு தகரக் கூரை, மத்தியானம் மூணு மணிக்கு உள்ள உக்கார முடியாது, ஏர்கோன் போட்டா கரண்டு பில்லு பயமுறுத்துது. மேல ஏதாவது போட்டு சூட்டைத் தடுக்கணும்னு நினைக்கிறது சரிதான். எதைப் போடுறோம், எது மேல போடுறோம்ங்கிறதுலதான் வில்லங்கம்.

போற இடமெல்லாம் என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணே, இது சூட்டைத் தடுக்குற சாமான்தானே, இதால எப்படிண்ணே சூடாகும்?" இதக் கேட்டாலே எனக்கு தலைவலி வந்துடும். கூரை சூட்டை கீழ வரவிடாம தடுக்குது, சரி. அதே சாமான்தான், அதுக்குள்ள மாட்டிக்கிட்ட வயரோட சூட்டையும் லைட்டோட சூட்டையும் வெளிய விடாம தடுக்குது. மேலேர்ந்து வர்ற சூடு, உள்ளேர்ந்து வர்ற சூடுன்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. காய்ச்சக்காரனுக்கு நாலு கம்பளிய போத்தி விட்டா என்ன ஆகும், அதான் வயருக்கும் ஆகுது. கரண்டு போற வயர் எல்லாமே கொஞ்சமாவது சூடாகும், அந்த சூடு காத்துல போயிடும்னு நம்பித்தான் இத்தன ஆம்பியர் தாங்கும்னு கணக்கே போட்டிருக்காங்க.

அந்தக் கணக்கையும் சொல்லிடுறேன். பலகை மேல ஆணியடிச்சு காத்தாட போற 2.5 சதுர மில்லிமீட்டர் சைஸ் வயர் 27 ஆம்பியர் தாங்கும். அதே வயர் அரை மீட்டர் நீளத்துக்கு மேல முழுசா புதைஞ்சிடுச்சுன்னா பாதிதான், 13.5. இதுவும் சுத்துப்புறம் 30 டிகிரின்னு வச்சு போட்ட கணக்கு. சிங்கு கூரைக்குக் கீழ 50 டிகிரின்னு வைங்க, 10 ஆம்பியருக்கும் கீழ இறங்கிடும். உங்க வீட்டு பாத்ரூம் ஹீட்டர் 3.6 கிலோவாட்டுன்னா அது இழுக்குறது 15 ஆம்பியருக்கு மேல. பழைய வீட்ல பாதி இடத்துல அதுக்கு ஓடுறது 2.5 வயர்தான். 20 ஆம்பியர் பிரேக்கர் விழவே விழாது, ஏன்னா அதுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும், மேல வயரோட தோலு மட்டும் மெதுவா வெந்துக்கிட்டு இருக்கும்.

அடுத்து, "எல்இடி சூடாகாதுண்ணே." ஆகும்! பழைய பல்பு சூட்டை கீழ முகத்துக்கு அடிச்சது, அதனால நமக்குத் தெரிஞ்சது. எல்இடி டவுன்லைட், அதான் சீலிங்குல ஓட்ட போட்டு பதிக்கிற லைட்டு, சூட்டை முதுகுப் பக்கம் தள்ளுது, அதாவது சீலிங்குக்கு மேல. அங்கதான் அதுக்கு ஏத்த மாதிரி கரண்ட மாத்திக் கொடுக்குற டிரைவர் டப்பாவும் கெடக்கு. அது மேலதான் நீங்க உமி கொட்டுறீங்க.

போன வாரம் பாத்ததும் அதான். அந்த வீட்டு பாட்டி ரெண்டு மூணு நாளா ஏதோ கருகுற வாடை வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க, யாரும் காதுல வாங்கல. ஏணி போட்டு மேல டார்ச் அடிச்சா, ஹால் லைட்டைச் சுத்தி ஒரு தட்டு அகலத்துக்கு உமி கருப்பா கெடக்கு, டிரைவர் டப்பா உருகி பலகையோட ஒட்டிக்கிச்சு. நெருப்பு ஒண்ணும் தெரியல. கைய கிட்ட கொண்டு போனா அனல் அடிக்குது. உமி, மரத்தூள் எல்லாம் அப்படித்தான், பத்திக்கிட்டு எரியாது, உள்ளுக்குள்ளயே கனிஞ்சுக்கிட்டு நகரும், மணிக்கணக்கா, சத்தமில்லாம. ராத்திரி எல்லாரும் தூங்குறப்ப காத்து கிடைச்ச இடத்துல பிடிச்சுக்கும். அந்த வீட்ல ரெண்டு சின்ன புள்ளைங்க வேற. நினைச்சாலே இப்பவும் வயித்த கலக்குது.

அத கொட்டிக் கொடுத்த கண்டிராக்டர் சொன்னாராம், வெளிநாட்டுலயும் பழைய பேப்பரத்தான் கொட்டுறாங்கன்னு. கொட்டுறாங்க, உண்மைதான். ஆனா அந்த பேப்பர ஃபேக்டரியில அரைச்சு, போராக்ஸ், போரிக் ஆசிட் மாதிரி உப்பு கலந்து, நெருப்பு வச்சு சோதிச்சுப் பாத்துத்தான் விக்கிறாங்க. உங்க வீட்டு நாளிதழ்ல அந்த உப்பு எங்க இருக்கு? போலிஸ்டிரீன் இன்னும் மோசம், வயரோட பிவிசி தோலும் அதுவும் ஒட்டிக் கெடந்தா தோலுல உள்ள எண்ணெய் அதுல இறங்கி, வயர் காஞ்ச குச்சி மாதிரி வெடிக்கும். நானே கையால வளைச்சு ஒடிஞ்சத பாத்திருக்கேன். உமிக்கு எலி வரும், கூரை ஒழுகுனா நனைஞ்சு கனமாகி சீலிங்கையே இறக்கிடும், அதெல்லாம் தனிக் கதை.

போடணும்னா ராக்வூல் போடுங்க, அதான் கல்ல உருக்கி இழையாக்கின பஞ்சு, 1000 டிகிரி சூட்டுக்கும் எரியாது. கிளாஸ்வூலும் சரி, அது கண்ணாடிப் பஞ்சு. நம்ம ஊரு வெயிலுக்கு கூரைக்குக் கீழ அலுமினிய ஃபாயில் நல்லா வேல செய்யும், பளபள பக்கத்துக்கு முன்னால கொஞ்சம் காத்து இடைவெளி விட்டு அடிச்சா. ஆனா ஃபாயில்ல கரண்டு ஓடும், மறந்துடாதீங்க. ஆஸ்திரேலியாவுல 2009ல அரசாங்கமே காசு கொடுத்து வீட்டு வீட்டுக்கு சீலிங்கு வேல செய்ய வச்சாங்க, சில மாசத்துல 4 இளம் தொழிலாளிங்க செத்துட்டாங்க, 3 பேர் கரண்டு அடிச்சு, ஒருத்தர் மேல இருந்த சூட்டுலயே. ஃபாயில அடிச்ச இரும்பு ஆணி வயருக்குள்ள இறங்கினதும் அதுல ஒரு காரணம்.

அதனால மேல ஏறுறதுக்கு முன்னால மெயின ஆஃப் பண்ணுங்க. லைட் சுவிட்ச இல்ல, மெயின. காலைல வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுட்டு இறங்குங்க. சீலிங்க தாங்குற மரச்சட்டம் மேல மட்டும் கால் வைங்க, மாஸ்க்கும் நீளக் கை சட்டையும் போடுங்க. பழைய வீட்டு சீலிங்கு அஸ்பெஸ்டாஸா இருக்கலாம், அத ஓட்ட போடாதீங்க, உடைக்காதீங்க. டவுன்லைட்ட சுத்தி இடம் விடுங்க, இல்லன்னா மேல மூடலாம்னு கம்பெனியே எழுதிக் கொடுத்த லைட்ட வாங்கி மாட்டுங்க. வயர சாமானுக்கு மேல தூக்கிக் கட்டணும், ஜாயிண்ட் எல்லாம் மூடின டப்பாக்குள்ள இருக்கணும், டேப் சுத்தி விட்டதெல்லாம் ஜாயிண்ட் இல்ல. இந்த வேலைய சுருஹான்ஜாயா தெனாகா (அரசாங்கத்தோட எரிசக்தி ஆணையம்) சர்டிபிகேட் உள்ள வயர்மேன் செய்யட்டும், சர்டிபிகேட்ட கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க.

ஏற்கெனவே கொட்டிட்டவங்க, தயவுசெஞ்சு இந்த வாரமே யாரையாவது விட்டு லைட்டுக்கு மேல உள்ளதயாவது தள்ளி வைக்கச் சொல்லுங்க. வீட்டுல பெரியவங்க கருகுற வாடை வருதுன்னு சொன்னா நம்புங்க. மெயின ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் வெளிய வந்து 999க்கு அடிச்சு பொம்பாவ, அதான் தீயணைப்புப் படைய, கூப்பிடுங்க, நீங்களா ஏறி குச்சிய விட்டு கிளறாதீங்க, காத்து பட்டா அப்பதான் பிடிக்கும். தண்ணி ஊத்தி அணைஞ்சிடுச்சுன்னும் நம்பாதீங்க, அடியில கங்கு இருக்கும். அவங்க பாத்து முடிச்சதும், கொட்டினது மொத்தத்தையும் அள்ளி வீட்ட விட்டு தள்ளி வெட்டவெளியில போடுங்க.