மெட்டுக்குள்ள போன பிறகும் ஊர்ப் பேச்சு எப்படி மிஞ்சுது?

நார்வேக்காரங்க பேசறதே பாட்டு மாதிரி ஏறி இறங்குமே, அதை எப்படி கன்ட்ரி ராக் (அமெரிக்க கிராமியப் பாட்டும் ராக்கும் கலந்தது) மெட்டுல பாடறாங்கன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் கேட்டது ஹெல்பில்லீஸ் பத்தி, 1990-ல ஓல்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச பேண்ட், ஹாலிங்டால் பள்ளத்தாக்குப் பேச்சுலதான் பாடறாங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த ஏத்த இறக்கம் பாட்டுல பெரும்பாலும் போயிடும். ஒஸ்லோ பக்கம் விவசாயிகளுக்கும் பீன்ஸுக்கும் ஒரே சத்தம்தான், "பொன்னெர்". முன்னது கீழ ஆரம்பிச்சு ஏறும், பின்னது மேல இருந்து இறங்கி மறுபடி ஏறும். பாடும்போது சுருதி மெட்டு கைக்குப் போயிடறதால எதுன்னு இடத்தை வெச்சுத்தான் புரிஞ்சுக்கணும்.

அப்புறம் ஊர்ப் பேச்சு எதுல மிஞ்சுது? உயிரெழுத்துலயும் சொல் விகுதியிலயும். "நான்"னு சொல்ல ஒஸ்லோக்காரர் "யை"ம்பார், ஹெல்பில்லீஸ் "ஏக்"ம்பாங்க, அதை எந்த சுருதியில பாடினாலும் "ஏக்"தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். தொண்டையில விரலை வெச்சுக்கிட்டு ஒரே சுருதியில "ஈ..." பாடி, நிறுத்தாம "ஊ..."வுக்குப் போங்க. விரல்ல படற அதிர்வு அப்படியே இருக்கும், நாக்கும் உதடும்தான் நகரும். குரல்நாண் நொடிக்கு 150 தடவை அதிர்ந்தா 150, 300, 450 ஹெர்ட்ஸ்னு அடுக்கடுக்கா பல ஸ்வரங்கள் ஒரே நேரத்துல கிளம்பும், வாய்க்குழி அதுல சிலதைத் தூக்கிவிடும் சிலதை அமுக்கிடும், எது தூக்கலா இருக்குங்கறதை வெச்சுத்தான் காது "ஈ"யா "ஊ"வான்னு கண்டுபிடிக்குது. பேசற உயரத்துலயே பாடற ஆண் குரல்ல இந்த ஸ்வரங்கள் நெருக்கமா இருக்கறதால வாயோட வடிவம் துல்லியமாத் தெரியும். ஆபரா பாடகி 800 ஹெர்ட்ஸுக்குப் போனா அடுத்தது 1600-லதான், நடுவுல ஒண்ணுமே இல்ல, அதான் அங்க உயிரெழுத்தெல்லாம் ஒண்ணா மங்கிடுது. வட்டார வழக்குக்கு கன்ட்ரி ராக் இவ்வளவு பொருந்தறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

வட்டாரப் பேச்சு பாட்டுக்கு ஆகாதுங்கறது சுத்த மூடநம்பிக்கை. பிள்ளைங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் அவங்க சொந்தப் பேச்சுலயே பாடம் சொல்லணும்னு நார்வே பார்லிமென்ட் 1878-லயே முடிவு பண்ணிடுச்சு.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நார்வே மொழியிலயும் குறில் நெடில் உண்டு, "தாக்"னா கூரை, "தக்"னா நன்றி. "தக்"கை நீளமான ஸ்வரத்துல வெச்சா நன்றி கூரையாயிடும், அதனால பாட்டு எழுதறவர் அதுக்கு வெட்டி நிறுத்தற மாதிரி ஒரு குட்டி ஸ்வரமாத் தேடிப் பிடிக்கணும்.