ஒரு கோடி டர்ன்ஓவரும் காலிக் கல்லாவும்

மரக்காலில் நெல் அளக்கும் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு போடும் கடைகளில் இன்றைக்கும் மஞ்சள் தடவிய நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, வரவைத்தான் முதலில் எழுதுகிறார்கள்.

அதே கடைக்காரரிடம் “இந்த வருஷம் என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். லாபத்தைச் சொல்ல மாட்டார், டர்ன்ஓவரைத்தான், அதாவது வருட மொத்த விற்பனையைத்தான் சொல்வார். “போன வருஷம் 68 லட்சம் சார், இந்த வருஷம் ஒரு கோடி தொட்டுடணும்” என்பார்.

திண்டுக்கல்லில் இருபது வருடமாகச் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கும் வரியும் பார்க்கிறேன். (நான் ஆடிட்டர் இல்லை, வரி ஆலோசகர். ஆனால் பஜாரில் எல்லோருக்கும் நான் ‘ஆடிட்டர் சார்’தான். திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.) ஒரு கோடி என்று சொன்னவர் என்னிடம் வரும் ஹார்டுவேர், எலெக்ட்ரிகல் கடைக்காரர். சொன்னபடியே செய்தும் காட்டினார். மார்ச் முடிந்து கணக்கு எடுத்தபோது 1 கோடியே 4 லட்சம். கடையில் எல்லோருக்கும் பிரியாணி. மறுவாரம் என் எதிரில் உட்கார்ந்து, “சார், ஜிஎஸ்டி கட்டக் கையில் காசு இல்லை. வீட்டு நகையை வைக்கலாமா என்று பார்க்கிறேன்” என்றார்.

பேரேட்டைப் புரட்டினேன். முந்தைய மார்ச்சில் வெளியே நின்ற பாக்கி 9 லட்சம், இப்போது 27 லட்சம். விற்பனை கூடியதில் பாதி, மேஸ்திரிகளுக்கும் சின்னக் கான்ட்ராக்டர்களுக்கும் கடனுக்குக் கொடுத்தது. கோடியைத் தொட வேண்டும் என்று கேட்டவருக்கெல்லாம் சரக்கை ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

கடன் விற்பனை எப்படிக் கையைக் கடிக்கிறது என்று அன்றைக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். வரி சேர்க்காமல் 1,00,000 ரூபாய்க்கு ஒயரும் சுவிட்சும் கடனுக்குப் போகிறது என்று வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் 1,18,000. அதே சரக்கை இவர் வாங்கியது 90,000, வரியோடு 1,06,200. மொத்த வியாபாரிக்கு அதைக் கட்டியாயிற்று. வாங்கும்போது கொடுத்த வரி 16,200ஐக் கழித்தால், மீதி 1,800ஐ அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். பணம் வந்ததா என்று ஜிஎஸ்டி கேட்காது, பில் போட்டாயா என்றுதான் கேட்கும். ஆக, கையிலிருந்து போனது 1,08,000. நோட்டில் லாபம் 10,000.

இந்த 1,08,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தால் மாதம் 2,160 வட்டி. நாலு மாதத்தில் 8,640. அஞ்சாவது மாதம் முடியும்போது 10,800. லாபம் போய், போட்ட முதலிலும் 800 ரூபாய் கை வைத்தாயிற்று. கடை வாடகையும் பையன்கள் சம்பளமும் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை. மேஸ்திரியோ ஆறு மாதமாக “வீட்டுக்காரர் தரட்டும் அண்ணே” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வருமான வரியிலும் இதே கதைதான். 2 கோடிக்குள் டர்ன்ஓவர் உள்ள கடைகள் விரிவான கணக்கு காட்டாமல் உத்தேச லாப முறையில் வரி கட்டலாம். விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்வார்கள். வசதியான முறைதான். ஆனால் டர்ன்ஓவர் ஏறினால் அந்தக் காகித லாபமும் கூடவே ஏறும், நிஜத்தில் உங்கள் கல்லாவில் என்ன நின்றாலும் சரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். செம்பு விலை ஏறினால் ஒயர் விலையும் ஏறுகிறது. போன வருடம் விற்ற அதே எண்ணிக்கைச் சுருளை விற்றாலே இந்த வருடம் டர்ன்ஓவர் கூடிவிடும். நாம் எதுவும் செய்யாமலே நிறைவேறுகிற ஒன்றை இலக்கு என்று சொல்லி என்ன பயன்?

அந்த வருடம் ஹார்டுவேர்காரருக்கு மூன்றே வரியில் இலக்கு எழுதினோம். ஒன்று, அடுத்த மார்ச் 31 அன்று வெளியே பாக்கி 15 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு, மாதம் 5ஆம் தேதி கடையிலிருந்து 30,000 ரூபாய் அவருடைய சேமிப்புக் கணக்குக்குச் சம்பளமாகப் போக வேண்டும். மூன்று, பரணில் கிடக்கும் ஓடாத சரக்கைத் தள்ளிவிட வேண்டும். நாலாவதாகக் கடையைப் பெயின்ட் அடிப்பதையும் சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பத்து வரி எழுதினால் எதையும் செய்யாமல் இருப்பதற்கு ஒன்பது சாக்கு கிடைத்துவிடும்.

பாக்கி 15 லட்சம் என்பது ஒரு எண்தான். அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் ஒருவர் என்ன செய்ய முடியும்? எனவே எண்ணுக்குக் கீழே ஒரு வேலை எழுதியாக வேண்டும். இவர் எழுதியது: ‘சனிக்கிழமை காலை 9 மணி, ஆறு பேருக்குப் போன்.’ சனிக்கிழமைதான் கூலி போடும் நாள். வீட்டுக்காரரிடமிருந்து மேஸ்திரி கைக்குப் பணம் வருவது அன்றைக்குத்தான். சாயங்காலம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அடுத்த சனிவரை கை விரிப்பார். முன்னெல்லாம் இவர் திங்கட்கிழமை கேட்டுக்கொண்டிருந்தார். நாளை மாற்றியதிலேயே வசூல் நடக்க ஆரம்பித்தது, பேச்சுச் சாமர்த்தியம் ஒன்றும் கூடவில்லை.

ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் கான்ட்ராக்டர்களுக்கு ஒரு நினைவூட்டலும் உதவியது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில்லுக்கு அவர்கள் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரி) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். சண்டை போடாமல் இதை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பச் சொன்னேன். பழைய பாக்கி இரண்டு அதற்கப்புறம்தான் அசைந்தது.

சம்பள இலக்குக்கு வருகிறேன், இதைத்தான் பலரும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். “என் கடையில் எனக்கு எதுக்கு சார் சம்பளம்? தேவைக்கு எடுத்துக்கிறேன்.” தேவைக்கு எடுப்பதால்தான் கடையில் லாபமா நஷ்டமா என்பதே தெரியாமல் போகிறது.

தையல் கடை நடத்தும் ஒரு அக்கா அப்படித்தான் இருந்தார். அஞ்சு மெஷின், மாதம் சுமார் 200 லைனிங் ரவிக்கை. பால்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் எல்லாம் மேஜை டிராயரிலிருந்துதான். அவருக்கு ஒரே ஒரு இலக்குதான் எழுதிக் கொடுத்தேன்: மாதம் 15,000 சம்பளம். மூன்று மாதம் எடுக்க முடியவில்லை. நாலாவது மாதம் கோபமாக வந்தார். “நீங்க எழுதுனது நடக்காது தம்பி.”

சரி, ஏன் நடக்கவில்லை என்று பார்ப்போம் என்று ஒரு ரவிக்கையைப் பிரித்தோம். வாங்குவது 300 ரூபாய். தைப்பவருக்குக் கூலி 140, லைனிங் துணி 60, நூலும் ஹூக்கும் 10, வாடகையும் கரண்ட்டும் பங்கு போட்டால் 45. மொத்தம் 255. நிற்பது 45 ரூபாய். இருநூறு ரவிக்கைக்கு 9,000. அந்த மனுஷி காலை முதல் இரவு வரை உட்கார்ந்தாலும் 15,000 வரவே வராது. இத்தனை வருடமும் மீதியைக் கணவர் சம்பளத்திலிருந்தும் ஏலச்சீட்டுப் பணத்திலிருந்தும் போட்டு நிரப்பியிருக்கிறார், அவருக்கே தெரியாமல். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால், ரவிக்கைக்கு வாங்கும் 300ஐ 350 ஆக்கினார். பயந்துகொண்டேதான் ஆக்கினார். சில வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள், இரண்டு மூன்று பேர் போகவும் செய்தார்கள். இப்போது ரவிக்கைக்கு 95 நிற்கிறது. சம்பளத்தை இலக்காக வைத்திருக்காவிட்டால் விலை குறைவாக இருப்பது கண்ணில் பட்டிருக்காது.

நானே இதில் வழுக்கியவன்தான். 2019இல் புது டைரியின் முதல் பக்கத்தில் ‘100 கிளையன்ட்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டேன். இருந்ததோ ஒரே உதவியாளர். ஒரு மாதம் நாலு பேருக்கு 3பி எனும் மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி தாண்டிப் போய்விட்டது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், அதை என் கையிலிருந்துதான் கட்டினேன். தொகை பெரிதில்லை. ஆனால் அதில் ஒருவர் பத்து வருடப் பழக்கம், மறு மாதம் ஃபைலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருட டைரியில் ‘எந்த ரிட்டர்னும் 18ஆம் தேதியைத் தாண்டக் கூடாது’ என்று மட்டும் எழுதினேன்.

எப்போது எழுதுவது என்று கேட்பார்கள். ஜனவரியில் உற்சாகமாக எழுதுவதைவிட, மார்ச் இரண்டாம் வாரம் உட்காருவது நல்லது. வருடக் கணக்கு கையில் இருக்கும், புது நிதியாண்டு இன்னும் தொடங்கியிருக்காது. சில முடிவுகளுக்குத் தேதியும் இருக்கிறது. ஒன்றரைக் கோடிக்குள் விற்கும் கடை, ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறைக்குப் போவதென்றால் நிதியாண்டு பிறப்பதற்கு முன்பே விருப்பம் தெரிவிக்க வேண்டும். வியாபாரிக்கு வரி, விற்பனையில் 1 சதவீதம்தான். ஆனால் வாடிக்கையாளரிடம் அதை வசூலிக்க முடியாது, உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, வெளி மாநிலத்துக்கு விற்கவும் முடியாது. பொருந்துமா என்பது கடைக்குக் கடை மாறும். ஏப்ரலில் யோசித்தால் ஒரு வருடம் போய்விடும்.

வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாத இலக்கு போடாதீர்கள். ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்குவதில்லை, ஐப்பசி கார்த்திகையில் மழை, மார்கழியில் கிரகப்பிரவேசம் இல்லை. ஹார்டுவேர் கடைக்குத் தையிலிருந்து வைகாசி வரைதான் ஓட்டம். தையல் கடைக்கு முகூர்த்த மாதமும் பள்ளி திறக்கும் சமயமும். ஜவுளிக்காரருக்கோ ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும். நம் வியாபாரத்தின் ஏற்ற இறக்கம் நம் பழைய நோட்டிலேயே இருக்கிறது. இரண்டு வருட நோட்டை எடுத்து மாதவாரியாகக் கூட்டிப் பார்த்தால் அரை மணி நேர வேலை.

எழுதிய தாள் பீரோவில் இருந்தால் பிரயோஜனமில்லை. ஹார்டுவேர்காரர் அதைக் கல்லா மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறாரோ அத்தனை முறை கண்ணில் படும். மாதம் ஒருமுறை ஜிஎஸ்டி போட எப்படியும் என்னிடம் வருகிறார், அன்றைக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் அந்த மூன்று வரியைப் பார்ப்போம். இதற்கென்று தனியாக ஒரு நாள் குறித்தால் அந்த நாள் வராது, அனுபவத்தில் சொல்கிறேன்.

பன்னிரண்டு மாதம் கழித்து வந்தபோது டர்ன்ஓவர் 92 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. பாக்கி 13 லட்சத்து 40 ஆயிரம். சம்பளம் ஒன்பது மாதம் எடுத்திருந்தார், மழை மாதங்களில் மூன்று முறை விட்டுப்போயிற்று. நகையை வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மூன்றாவது வரியைப் பற்றி நான் கேட்கும் முன்பே சிரித்தார். பரணில் இருந்த பழைய மாடல் சுவிட்ச் பெட்டிகள் அங்கேயேதான் இருக்கின்றன, ஒன்றுகூட இறங்கவில்லை. ‘எப்பவாவது யாராவது கேட்பார்கள்’ என்று ஆசைப்பட்டு வாங்கின சரக்கு, கொள்முதல் விலைக்கே சுமார் 2 லட்சம். புதுத் தாளில் அதை முதல் வரியாக எழுதினோம். கீழே வேலை: ‘ஞாயிறு மதியம், ஒரு பரண், ஏணியோடு.’